புரோக்கோபோண்டோ: அணையும் தங்கமும் கொண்ட மரூன் மாவட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவின் வடகரையில் சுரிநாம் என்ற சிறிய நாடு இருக்கிறது. அங்கே காட்டுக்குள் வாழும் மரூன் மக்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நாடு முழுவதையும் பேசினால் விஷயம் சிதறிவிடும் என்பதால் புரோக்கோபோண்டோ என்ற ஒரே மாவட்டத்தை மையமாக வைத்துக்கொண்டேன். இடையிடையே தெற்கே இருக்கும் சிப்பாலிவினி மாவட்டத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

மரூன் மக்கள் என்றால் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்களா?

குடியேறியவர்கள் அல்ல, கடத்திக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர்கள் சுரிநாமில் கரும்புத் தோட்டங்களை அமைத்தார்கள். 1667இல் அது டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. தோட்டங்களில் வேலை செய்ய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்து அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். அந்தத் தோட்டங்களில் நடந்த கொடுமை தாங்காமல் காட்டுக்குள் தப்பி ஓடி, அங்கேயே ஊர்களை உருவாக்கிக்கொண்டவர்கள்தான் மரூன்கள்.

சுரிநாமில் இவர்கள் ஆறு தனித்தனி மக்களாக இருக்கிறார்கள்: சரமக்கா, என்டியூக்கா, மத்தாவாய், பாமக்கா, அலுக்கு, குவிந்தி. சரமக்காக்கள் இப்போது தங்கள் பெயரைச் சாமக்கா என்று எழுதுகிறார்கள். 2012 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை 5,41,638. அதில் மரூன்கள் 1,17,567 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேல்.

புரோக்கோபோண்டோ எங்கே இருக்கிறது? ஏன் அங்கே ஆட்களே இல்லை?

தலைநகர் பரமாரிபோவிலிருந்து தெற்கே, சுரிநாம் ஆற்றின் நடுப்பகுதியில் இருக்கிறது. பரப்பு 7,364 சதுர கிலோமீட்டர், 2012இல் மக்கள் 15,909 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்தான். அதற்குத் தெற்கே உள்ள சிப்பாலிவினி இதைவிட வெறிச்சோடியது. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒரு மாவட்டம், மக்களோ 37,000 சொச்சம்.

ஆனால் "ஆட்களே இல்லை" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஊர்கள் ஆற்றங்கரையை ஒட்டியே இருக்கின்றன. மற்றபடி காடாகத் தெரியும் இடத்தில் விளைநிலம், அடுத்த சுற்றுக்காகத் தரிசு விட்ட நிலம், வேட்டைக்காடு, மரம் எடுக்கும் இடம், முன்னோர்களின் புதைகாடு எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் எந்தக் குலத்துக்கு உரியது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அணை கட்ட வந்தவர்களும் தங்கம் தேடி வந்தவர்களும் வரைபடத்தைப் பார்த்து இதைக் காலி இடம் என்று எடுத்துக்கொண்டதில்தான் இந்த மாவட்டத்தின் துயரம் தொடங்குகிறது.

தப்பி ஓடியவர்களோடு டச்சுக்காரர்கள் எதற்கு ஒப்பந்தம் போட்டார்கள்?

வேறு வழி இல்லாமல்தான். மரூன்கள் தோட்டங்களைத் தாக்கி ஆயுதங்களையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த ஆட்களையும் விடுவித்துப் போனார்கள். அவர்களைத் தேடிக் காட்டுக்குள் அனுப்பிய படைகளுக்குச் செலவுதான் மிஞ்சியது. வீரர்கள் நோயிலும் பதுங்கித் தாக்குதலிலும் மடிந்தார்கள். கடைசியில் 1760 அக்டோபர் 10 அன்று என்டியூக்காக்களோடும், 1762இல் சரமக்காக்களோடும், 1767இல் மத்தாவாய்களோடும் காலனி அரசு சமாதானம் செய்துகொண்டது. சுரிநாமில் அடிமைமுறை ஒழிந்தது 1863 ஜூலை 1 அன்று. அதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே இந்த மக்கள் சண்டையிட்டுச் சுதந்திரம் பெற்றுவிட்டார்கள். அக்டோபர் 10 இன்று அங்கே மரூன் நாள், அரசு விடுமுறை.

ஒப்பந்தத்தில் கசப்பான பகுதியும் உண்டு. மரூன்கள் தோட்டங்களைத் தாக்கக் கூடாது, இனிமேல் தப்பி வருபவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பதிலுக்குச் சுதந்திரம், தங்கள் காட்டில் தாங்களே ஆளும் உரிமை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துணி, துப்பாக்கி, வெடிமருந்து, கருவி போன்ற பொருட்கள். எல்லோரும் இப்படிச் சமாதானமாகிவிடவில்லை. போனி என்ற தலைவரின் கீழ் இருந்த அலுக்கு மக்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் போரிட்டு, கிழக்கே பிரெஞ்சு கயானா எல்லைக்கு நகர்ந்தார்கள்.

காட்டுக்குள் போய் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தார்கள்?

நெல்லும் மரவள்ளியும்தான் பிரதானம். நாம் வயல் என்று நினைப்பது போல நீர் தேக்கிய நிலம் இல்லை. காட்டில் ஒரு துண்டை ஆண்கள் வெட்டி எரித்துத் தருவார்கள். பெண்கள் அதில் மானாவாரி நெல், மரவள்ளி, நிலக்கடலை, வாழை எல்லாம் கலந்து பயிரிடுவார்கள். சில ஆண்டுகளில் அதைத் தரிசாக விட்டு வேறு இடம் போவார்கள். கசப்பு மரவள்ளியின் நச்சுச் சாற்றைப் பிழிந்து எடுக்கும் வித்தையை அங்கிருந்த பழங்குடிகளிடமிருந்து கற்றார்கள். பிழிந்த மாவைப் பெரிய தட்டில் வறுத்தால் குவாக்கா. மாதக்கணக்கில் கெடாது.

நெல்லைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் இருக்க முடியாது. பான்சா என்ற பெண் தோட்டத்திலிருந்து தப்பும்போது தலைமுடிக்குள் நெல்மணிகளை ஒளித்துக் கொண்டுவந்தாள் என்று சரமக்காக்கள் சொல்கிறார்கள். ஒரு குலமே அவளிடமிருந்து தொடங்குகிறது. மரூன் பெண்கள் இன்றும் பயிரிடும் நெல் வகைகளில் முன்னோர்ப் பெண்களின் பெயர் தாங்கியவை இருக்கின்றன. நாம் சாப்பிடுவது ஆசிய நெல் இனம். மரூன்களிடம் அதோடு ஆப்பிரிக்காவுக்கே உரிய தனி நெல் இனமும் இருக்கிறது. அதன் மரபணுவை ஆராய்ந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் பகுதி நெல்லோடு ஒத்துப்போனது. அந்தக் கறுப்பு அரிசியை முன்னோர்களுக்குப் படைக்கவும் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத ஒரு வரலாற்றைப் பெண்கள் விதையாகவே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஊரை ஆள்வது யார்? கலெக்டர் மாதிரி ஒருவர் இருக்கிறாரா?

இருக்கிறார். அரசு நியமிக்கும் மாவட்ட ஆணையர் உண்டு. அதோடு மரூன்களின் சொந்த அமைப்பும் நடக்கிறது. ஒவ்வொரு மக்களுக்கும் தலைமையில் கிரான்மான், ஊர்களுக்குக் காப்பிட்டேன், அவருக்கு உதவியாக பாஸ்யா. முக்கிய விஷயங்களை க்ரூட்டு என்ற கூட்டத்தில் உட்கார்ந்து, எல்லோரும் ஒத்துவரும்வரை பேசி முடிவெடுப்பார்கள். இந்தத் தலைவர்களுக்கு அரசு சிறு உதவித்தொகை தருகிறது.

குலம் தாய்வழி வருவது. அதை லோ என்பார்கள். நிலம் தனி ஆளுக்கோ கிரான்மானுக்கோ சொந்தமில்லை, லோவுக்குச் சொந்தம். பின்னால் வரும் நீதிமன்றக் கேள்விகளுக்கு இது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அணை வருவதற்கு முன் இவர்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது?

மரம்தான் முதல். வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றோடு நகருக்குக் கொண்டுபோய் விற்பார்கள். அடுத்தது படகு. பாறைகளும் சுழல்களும் நிறைந்த அந்த ஆறுகளில் சரக்கேற்றிய படகைச் செலுத்த மரூன் ஆண்களை விட்டால் ஆள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் உள்ளே போனபோது, அவர்களையும் அவர்கள் சாமான்களையும் ஏற்றிப் போனது இந்தப் படகுக்காரர்கள்தான்.

அந்தத் தங்கத்தை நம்பி அரசு 1903இல் தொடங்கி 1912 வரை ஒரு ரயில்பாதையும் போட்டது. பரமாரிபோவிலிருந்து சாரா ஓடைவரை 173 கிலோமீட்டர். எதிர்பார்த்த அளவு தங்கம் கிடைக்காததால் பாதை அங்கேயே நின்றுவிட்டது.

அவ்வளவு சின்ன நாட்டுக்கு அவ்வளவு பெரிய அணை எதற்கு?

வீடுகளுக்கு விளக்கெரிக்க அல்ல, அலுமினியம் உருக்க. சுரிநாமில் பாக்சைட் தாது நிறைய கிடைத்தது. அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் தன் கிளையான சுரால்கோ மூலம் அதை வெட்டி எடுத்து வந்தது. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரம் தேவை. அதனால் 1958இல் அரசும் நிறுவனமும் புரோக்கோபோண்டோ ஒப்பந்தத்தைச் செய்தன. காலம் 75 ஆண்டு. அப்போது சுரிநாம் டச்சு அரசின் கீழ் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்ற பகுதி. முழு விடுதலை 1975இல்தான் வந்தது.

அஃபோபாக்கா என்ற இடத்தில் அணை எழுந்தது. 1964இல் ஆற்றை அடைத்தார்கள். ஏரி முழுதாக நிரம்ப 1971 ஆயிற்று. பரப்பு சுமார் 1,560 சதுர கிலோமீட்டர், நாட்டின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. மின் திறன் சுமார் 180 மெகாவாட். நிலம் தட்டையாக இருப்பதால் இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு நிலத்தை மூழ்கடிக்க வேண்டியிருந்தது.

எத்தனை ஊர் மூழ்கியது? அங்கே இருந்தவர்களை என்ன செய்தார்கள்?

சுமார் 6,000 பேர் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது. பெரும்பாலும் சரமக்காக்கள். சாரா ஓடைப் பக்கம் இருந்த என்டியூக்கா ஊர்களும் போயின. சரமக்கா மண்ணில் ஏறக்குறைய பாதி தண்ணீருக்கடியில் போனது. மூழ்கியவற்றில் கான்சே என்ற ஊர் பெரியது. மொராவியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவுக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர் அது.

அணைக்கு வடக்கே பிரவுன்ஸ்வெக், கிளாஸ்கிரீக், நியூவ் லொம்பே, நியூவ் கோஃபிகாம்ப் போன்ற புதிய குடியிருப்புகளில் பலரை அமர்த்தினார்கள். வேறு பலர் தெற்கே, ஏரியைத் தாண்டிய மேல் ஆற்றங்கரையில் புதிய ஊர்களைக் கட்டிக்கொண்டார்கள். வடக்கே கிடைத்தவை வரிசையாக அடுக்கிய சிறு பலகை வீடுகள். ஆற்றை ஒட்டித் தாய்வழிக் குடும்பங்கள் கூட்டமாக வாழ்ந்த அமைப்பு அதில் குலைந்தது. நட்டஈடும் மிகக் குறைவு. பணத்தைவிடப் பெரிய இழப்பு புதைகாடுகளும் வழிபாட்டு இடங்களும். முன்னோர்களோடு பேசித்தான் எதையும் முடிவெடுக்க வேண்டும் என்று நம்பும் மக்கள் அவர்கள். தண்ணீர் ஏறிவந்து கண்முன் நின்றவரை பல முதியவர்கள் ஆறு ஊரை விழுங்கும் என்பதை நம்பவே இல்லை.

அந்தத் தண்ணீரிலிருந்து மிருகங்களைக் காப்பாற்றினார்கள் என்று படித்தேனே?

உண்மைதான். 1964 முதல் 1966 வரை, சர்வதேச விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அனுப்பிய ஜான் வால்ஷ் என்பவரின் தலைமையில், ஏறக்குறைய 10,000 விலங்குகளை மீட்டார்கள். மரூன் ஆண்களும் அந்தப் படகுகளில் வேலை செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் உலகத்தின் காதுக்கு எட்டியது அந்தச் செய்திதான், அதே தண்ணீரில் வீடிழந்த 6,000 பேரின் செய்தி அந்த அளவு எட்டவில்லை. எனக்கு இது உறுத்துகிறது.

காட்டை வெட்டாமலே தண்ணீர் விட்டதால் மரங்கள் நின்றபடியே அழுகின. நீரிலிருந்து துர்நாற்ற வாயு கிளம்பியது, ஆகாயத்தாமரை ஏரியை மூடியது, அதை அழிக்கக் களைக்கொல்லி தெளித்தார்கள். பட்டுப்போன அந்த மரங்களின் உச்சி இன்றும் ஏரி முழுக்க நீட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, இடத்தைக் கொடுத்தவர்களுக்குக் கரன்டாவது கிடைத்ததா?

பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. உயர் அழுத்தக் கம்பிகள் மாவட்டத்தைக் கடந்து பரானாமில் இருந்த அலுமினிய ஆலைக்குப் போயின. குடியிருப்புகளில் டீசல் ஜெனரேட்டர், அதுவும் மாலையில் சில மணி நேரம், டீசல் வந்து சேர்ந்தால் மட்டும். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்குத்தான் மின்சாரம் போனது.

இப்போது அந்த அணை யார் கையில் இருக்கிறது?

சுரிநாம் அரசின் கையில். பரானாம் உருக்காலை 1999இலேயே மூடப்பட்டது. அதன்பின் அணை மின்சாரத்தின் பெரும்பகுதியை நிறுவனம் அரசுக்கே விற்றது. 2015இல், பாக்சைட்டிலிருந்து அலுமினா என்ற இடைப்பொருளை எடுக்கும் ஆலையும் நின்றது. 75 ஆண்டு முடிய 2033 ஆகியிருக்கும். அதற்கு முன்பே, 2019ஆம் ஆண்டு முடிவில் அணை அரசுக்கு மாறியது. ஆக, எதற்காக ஊர்களை மூழ்கடித்தார்களோ அந்தத் தொழிலே இன்று அங்கே இல்லை.

இன்றைக்கு மாவட்டத்தின் பிழைப்பு எது?

தங்கம். சுரிநாமின் ஏற்றுமதி வருமானத்தில் அதற்குத்தான் முதலிடம். மாவட்டத்தில் ரோஸ்பெல் என்ற பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2004இல் உற்பத்தி தொடங்கியது. முதலில் கனடாவின் கேம்பியர், பிறகு ஐயம்கோல்ட், 2023 முதல் சீனாவின் சிஜின் நிறுவனம் அதை நடத்துகிறது. அரசுக்கு 5 விழுக்காடு பங்கு.

முன்னே சொன்ன நியூவ் கோஃபிகாம்ப் ஊரை நினைவிருக்கிறதா? பழைய கோஃபிகாம்ப் ஏரியில் மூழ்கியதால் இங்கே வந்தவர்கள். அவர்கள் வந்து உட்கார்ந்த இடமே ரோஸ்பெல் உரிமப் பகுதிக்குள் விழுந்தது. 1990களில் அவர்களை மீண்டும் எழுப்பி வேறிடம் அனுப்பும் பேச்சு வந்தபோது மக்கள் சாலையை மறித்தார்கள். ஊர் இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள மண்ணில் தோண்டுவதற்கும் நடமாடுவதற்கும் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன.

மற்றபடி மரம் வெட்டுதல், ஏரியில் மீன்பிடி, கொஞ்சம் சுற்றுலா, மாவட்ட அரசு வேலைகள். இளைஞர்களில் பலர் பரமாரிபோவுக்கோ பிரெஞ்சு கயானாவுக்கோ போய்ப் பணம் அனுப்புகிறார்கள்.

மரூன்களே திருட்டுத்தனமாகத் தங்கம் எடுக்கிறார்களே, காட்டை அழிப்பதில் அவர்களுக்கும் பங்கு இல்லையா?

பங்கு உண்டு, மறைக்க முடியாது. சிறு சுரங்கக்காரர்களை அங்கே போர்க்நாக்கர் என்பார்கள். மரூன்களும் பிரேசிலிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து மண்ணை நீர் பாய்ச்சிக் கரைத்துத் தங்கம் எடுக்கிறார்கள். ஏரியிலும் ஆறுகளிலும் ஸ்காலியன் என்ற மிதவை எந்திரங்கள் அடிமணலை உறிஞ்சுகின்றன. பிரவுன்ஸ்பெர்க் இயற்கைப் பூங்காவுக்குள்ளும் தோண்டியிருக்கிறார்கள்.

இதில் "திருட்டு" என்ற சொல்லை மட்டும் நிதானமாகக் கையாள வேண்டும். அரசு உரிமம் கொடுத்தது நிறுவனத்துக்கு. அதே மண்ணில் பாட்டன் காலத்திலிருந்து தங்கம் எடுத்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். வேறு வேலை கொடுக்காமல் அவர்களை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

பாதரசம் கலக்கிறது என்கிறார்கள். அது எப்படி மனிதர்களைத் தாக்கும்?

மணலில் இருக்கும் நுண்ணிய தங்கத்தூளைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். அந்தக் கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் மிஞ்சும். அந்த ஆவியைச் சுவாசிப்பவருக்கு உடனடி ஆபத்து. மீதி நீரில் சேர்ந்து, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறும். ஏரியில் கிடைக்கும் துக்குனாரி, அன்யுமாரா, பிரானா போன்ற வேட்டை மீன்களில் பாதுகாப்பு அளவுக்கு மேல் பாதரசம் கண்டறியப்பட்டிருக்கிறது. தங்கத்தைத் தொடாதவர்களும் மீனால் பாதிக்கப்படுகிறார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத்தான் இதில் பெரிய ஆபத்து.

அங்கே உள்நாட்டுப் போர் நடந்ததா?

1986 முதல் 1992 வரை. ஒரு பக்கம் தேசி பவுத்தர்ஸின் ராணுவ ஆட்சி, மறுபக்கம் ரோனி புருன்ஸ்வைக் தலைமையிலான காட்டுப் படை. புருன்ஸ்வைக் என்டியூக்கா மரூன். 1986 நவம்பர் 29 அன்று கிழக்கே மொய்வானா ஊரில் ராணுவம் குறைந்தது 39 பேரைக் கொன்றது. ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து பிரெஞ்சு கயானாவுக்கு ஓடினார்கள். காட்டுப் பகுதியில் பள்ளி, மருந்தகம், சாலை எல்லாம் சிதைந்தன. பின்னாளில், 2020 முதல் 2025 வரை, அதே புருன்ஸ்வைக் நாட்டின் துணை அதிபராக இருந்தார்.

1987 டிசம்பர் 31 அன்று, சுரிநாம் ஆற்றங்கரையில் உள்ள அச்சோனியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆயுதம் இல்லாத சரமக்கா ஆண்களை ராணுவத்தினர் அடித்து, ஏழு பேரைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். வழக்கு அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1993இல் இழப்பீட்டை நிர்ணயித்தபோது, வாரிசு யார் என்பதை அரசுச் சட்டப்படி பார்க்காமல் சரமக்கா வழக்கப்படி பார்த்தது நீதிமன்றம். மூடிக்கிடந்த பள்ளியையும் மருந்தகத்தையும் திறக்கவும் உத்தரவிட்டது.

மரூன்கள் பூர்வகுடிகள் இல்லையே. அப்புறம் எப்படி நில உரிமை கேட்கிறார்கள்?

இதே வாதத்தைத்தான் அரசும் வைத்தது. 1990களில் மேல் சுரிநாம் ஆற்றுப் பகுதியில் வெளிநாட்டு மரக் கம்பெனிகளுக்கு அரசு உரிமம் கொடுத்தபோது, சரமக்காக் காப்பிட்டேன்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து 2000இல் மனு கொடுத்தார்கள். 2007 நவம்பர் 28 அன்று அதே அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் ஆதிக்குடிகளாக இல்லாவிட்டாலும், தனிப் பண்பாடு, சொந்த வழக்கச் சட்டம், மண்ணோடு பிரிக்க முடியாத உறவு இருப்பதால் பழங்குடிகளுக்குரிய அதே பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு என்றது நீதிமன்றம். லோவுக்கு நிலம் சொந்தம் என்று மேலே சொன்னேனே, அந்தக் கூட்டு உடைமையை எல்லை குறித்துச் சட்டப்படி பதிவுசெய்யச் சொன்னது. வழக்கை முன்னெடுத்த வான்சே எடுவார்ட்ஸ், ஹியூகோ ஜபினி இருவரும் 2009இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றார்கள்.

சுரிநாமில் இந்தியர்கள் நிறைய என்கிறார்களே, தமிழர்களும் போனார்களா?

அங்கே போன இந்தியத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 1873 ஜூன் 5 முதல் 1916 வரை கல்கத்தாவிலிருந்து சுமார் 34,000 பேர் கப்பலில் அங்கே வந்து இறங்கினார்கள். அடிமைமுறை ஒழிந்து, விடுதலையானவர்கள் மேல் வைத்திருந்த பத்தாண்டு மேற்பார்வையும் முடிந்த பிறகு தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதுதான் காரணம். அவர்கள் குடியேறியது கடலோர மாவட்டங்களில்.

மின்சாரமும் தங்கமும் நாட்டுக்கே தேவை. சில ஆயிரம் பேருக்காக அதை விட்டுவிட முடியுமா?

2007 தீர்ப்பு அப்படி விடச் சொல்லவில்லை. அரசு அந்த மண்ணில் திட்டம் போடலாம், ஆனால் மூன்று காரியம் செய்ய வேண்டும். மக்களோடு அவர்கள் வழக்கப்படி முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். வருமானத்தில் நியாயமான பங்கு தர வேண்டும். சுதந்திரமான நிபுணர்கள் பாதிப்பை ஆராயும்வரை உரிமம் கொடுக்கக் கூடாது. வாழ்க்கையையே புரட்டிப்போடும் அளவு பெரிய திட்டம் என்றால் கலந்து பேசினால் மட்டும் போதாது, அவர்களின் சம்மதமே வேண்டும். 1958இல் இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஒப்பந்தம் பரமாரிபோவில் கையெழுத்தானது, எந்த க்ரூட்டுவிலும் அல்ல.

சுரிநாம் அரசியல் சட்டப்படி இயற்கை வளம் முழுவதும் நாட்டுக்குச் சொந்தம். பட்டா இல்லாத நிலம் அரசு நிலம். கூட்டு நில உரிமைக்கான மசோதா 2021இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பு வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அது சட்டமாகவில்லை, உரிமங்கள் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன. புரோக்கோபோண்டோவின் ஊர்கள் நிற்கும் நிலம் பதிவேட்டில் இன்னும் அரசின் பெயரில்தான் இருக்கிறது.